மீனுக்கு என்ன கலர்?

ஜவுளிக் கடைக்குப் போகிறீர்கள். "பச்சையில் ஒரு புடவை எடுத்துப் போடுங்கள்" என்று கேட்கிறீர்கள். கடைச் சிப்பந்தி உடனே எடுத்துப் போட்டு விடுவாரா? "எந்தப் பச்சை அம்மா? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, ராமர் பச்சையா?" என்பார். நீலம் என்றால் இன்னும் மோசம். ஆனந்தா நீலம், மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ என்று அடுக்கிக்கொண்டே போவார். கூட வந்த கணவருக்கு எல்லாம் ஒன்றுதான். அவர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார். உங்களுக்கோ, மயில் கழுத்துக்கும் ஆனந்தாவுக்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

அந்தக் கண்ணோடு நீங்கள் ஒரு தடவை பாங்காக் நகரத்து மீன் கடைகளுக்குப் போய் வர வேண்டும். சமைக்கிற மீன் அல்ல, வளர்க்கிற மீன். நம் சென்னையில், கொளத்தூர் பக்கத்துக் கடைகளில் 'ஃபைட்டர்' என்று கண்ணாடிக் குடுவையில் ஒற்றையாக வைத்து விற்கிறார்களே, அதுதான். நமக்கு அது சிவப்பு ஃபைட்டர், நீல ஃபைட்டர், அவ்வளவோடு சரி. அதன் பிறந்த வீட்டில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

பாங்காக்கில் சதுச்சாக் என்ற பேட்டையில் வாரக் கடைசியில் ஒரு பெரிய சந்தை கூடுகிறது. 1982-ல் அரண்மனைக்கு எதிரிலிருந்த மைதானத்திலிருந்து இங்கே பெயர்ந்து வந்த சந்தை. ஊசி முதல் ஊஞ்சல் வரை எல்லாம் கிடைக்கும். அதை ஒட்டிய வீதிகளில் செல்லப் பிராணிகளும் மீன்களும் விற்கிறார்கள். 2024 ஜூன் 11-ஆம் தேதி விடியற்காலையில் இந்தப் பக்கத்துப் பிராணிச் சந்தை ஒன்றில் தீப்பிடித்து, நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் எரிந்து, கூண்டிலும் தொட்டியிலும் இருந்த ஜீவன்கள் ஆயிரக் கணக்கில் மாண்டு போயின. அந்தப் பேச்சை எடுத்தால் கடைக்காரர்கள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நானும் எடுக்கவில்லை.

எனக்குத் துணையாக வந்தவர் ஓர் அக்கா. நாகூரில் பிறந்து, கல் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷமாகப் பாங்காக்கில் இருப்பவர். தாய் மொழியை உள்ளூர்க்காரர்களைப் போலவே பேசுகிறார். "நீலமும் கெம்பும் பார்த்த கண்ணு தங்கச்சி. இந்த மீனு எனக்குப் பெரிய விஷயம் இல்லே" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். கடைசியில் என்னைவிட அவர்தான் மயங்கிப் போனார்.

கடை என்பது நாலு அடுக்குப் பலகை. அதில் நெருக்கமாகச் சின்னச் சின்னக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். விரல் நீளம்கூட இருக்காது. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே ஓர் அட்டை. இந்த அட்டை எதற்கு என்று கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு, ஒன்றை உருவினாள். அடேயப்பா! அதுவரை வாடிய பூவிதழ் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த இரண்டு மீனும் ஒன்றை ஒன்று பார்த்த மறுகணம், செவுள் மூடிகளை விரித்து, துடுப்பையெல்லாம் விசிறியாக்கி, கண்ணாடியில் வந்து முட்டின. நிறம் என்றால் அப்போதுதான் நிறம்! இருந்த சிவப்பு இரண்டு மடங்கு சிவப்பாயிற்று. அட்டையைத் திரும்பச் செருகினாள். விசிறி மடங்கிவிட்டது.

இந்த மீனுக்குத் தாய்லாந்தில் 'ப்லா கட்' என்று பெயர். 'ப்லா' என்றால் மீன். 'கட்' என்றால் கடித்தல். நம்முடைய 'கடி'க்கும் அந்தக் 'கட்'டுக்கும் உறவு முறை ஒன்றும் கிடையாது. ஆனாலும் பெயர் மறக்காமல் இருக்க உதவுகிறது. ஒரு காலத்தில் இதைக் கடிப்பதற்காகத்தான் வளர்த்தார்கள். இரண்டு மீனைச் சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டுவார்கள். அரசாங்கம் அதற்கு லைசென்ஸ் கொடுத்துப் பணம் வாங்கிற்று. மூன்றாம் ராமா மன்னர் தமது மீன்கள் சிலவற்றைத் தியோடோர் கேன்டர் என்ற டேனிஷ் டாக்டருக்கு வெகுமதியாகக் கொடுத்தார். கேன்டர் 1849-ல் இதைப் பற்றி எழுதியபோது 'பக்னாக்ஸ்', அதாவது சண்டைக்காரன், என்று லத்தீனில் பெயர் வைத்தார். அந்தப் பெயர் வேறொரு மீனுக்கு உரியது என்று பின்னால் தெரிந்தது. டேட் ரீகன் என்ற ஆங்கிலேயர் 1910-ல் 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்' என்று மாற்றினார். ஸ்ப்ளெண்டன்ஸ் என்றால் ஜொலிக்கிறது என்று பொருள். சண்டைக்காரன் ஜொலிப்புக்காரன் ஆனது புத்தகத்தில் மட்டுமல்ல, சந்தையிலும்தான். மனிதர்கள் இந்த மீனைப் பழக்கி வளர்க்க ஆரம்பித்து ஆயிரம் வருஷமாவது ஆகியிருக்கும் என்று 2022-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று சொல்கிறது. அந்த ஆயிரத்தில் பெரும் பகுதி பல்லுக்காக, இப்போது பட்டுக்காக. 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் பிராணியாகவே அறிவித்துவிட்டது.

இனி, பெயர்ப் பாடத்துக்கு வருவோம்.

கடைக்காரப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அக்காவை 'பீ' என்று அழைத்தாள். மூத்தவர்களை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவள் தாய் மொழியில் சொல்ல, அக்கா தமிழில் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். "முதல்லே உடம்பைப் பாருங்கிறா. அப்புறம் துடுப்பு. கடைசியிலே முகம். இந்த வரிசை மாறக் கூடாதாம்."

"புடவையிலே உடல், பார்டர், முந்தானை மாதிரியா அக்கா?"

"அதேதான்!"

உடம்பும் துடுப்பும் ஒரே நிறமானால் அது சாலிட். வெறும் ப்ளெயின் புடவை என்று வையுங்கள். சுலபம் என்று நினைக்காதீர்கள். ஓர் ஓரத்தில் வேறு நிறம் கடுகளவு தெரிந்தாலும் போட்டியில் மார்க்குப் போய்விடும். உடம்பு ஒன்று, துடுப்பு வேறொன்று என்றால் பை-கலர்: பாவாடை ஒரு நிறம், தாவணி ஒரு நிறம். உடம்பு வெளுத்து இளஞ்சதை நிறத்தில் இருந்து, துடுப்பு மட்டும் குங்குமச் சிவப்பாக இருந்தால் அதற்குக் கம்போடியன் என்று தனிப் பெயர். அந்த வெளுத்த உடம்பு அந்தத் தேசத்துப் பக்கமிருந்து வந்தது என்கிறார்கள். துடுப்பிலேயே பாதி வரை நிறம், மீதி கண்ணாடி போல வெண்மை, நடுவில் கத்தரித்தாற்போல் ஒரு கோடு என்றால் பட்டர்ஃப்ளை. பார்டர் புடவை! அந்தக் கோடு வாலிலும் முதுகிலும் அடியிலும் ஒரே அகலத்தில் ஓடினால்தான் உயர்ந்த ஜாதி. பார்டர் கோணிப்போன புடவையை நீங்கள் வாங்குவீர்களா?

இதுவரை சொன்னவை ஒழுங்கான குடும்பம். இனி வருவது கலவைக் கூட்டம்.

திட்டுத் திட்டாக, வரைமுறையில்லாமல், மை கொட்டினாற்போல் இருந்தால் மார்பிள். அந்தத் திட்டுகள் சிவப்பு, வெள்ளை, கறுப்பாக அமைந்து ஜப்பான்காரர்கள் குளத்தில் வளர்க்கும் கோய் கெண்டையை நினைவூட்டினால் கோய். அதிலே ஆரஞ்சும் மஞ்சளும் தூக்கலாகச் சேர்ந்தால் நீமோ. 2003-ல் வந்த கார்ட்டூன் படத்து மீன்குஞ்சு இங்கே வந்து பெயர் கொடுத்திருக்கிறது. நீமோவின் மேல் அங்கங்கே ஜிகினாப் பொட்டு மாதிரி மின்னும் செதில்கள் தெளித்திருந்தால் நீமோ காலக்ஸி. கறுப்பு உடம்பில் நீலப் பச்சைச் செதில்கள் சிதறியிருந்தால் அவதார். இதுவும் ஒரு சினிமாப் பெயர்தான். கறுப்பு மீனின் முதுகில் வெள்ளிக் கவசம் போட்டாற்போல் இருந்தால் ப்ளாக் சாமுராய்.

இதெல்லாம் யார் வைத்த பெயர்? அதற்கென்று ஓர் அரசாங்க அலுவலகம் கிடையாது. 1960-களில் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் பெட்டா காங்கிரஸ் என்ற சங்கம், கண்காட்சிகளுக்காக நிறங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து விதி எழுதியிருக்கிறது. அந்த விதியில் நிறம், அடர்த்தி, கோட்டின் சுத்தம் என்று கணக்காக இருக்கும். சந்தையிலோ, எவன் முதலில் வாய்க்கு ருசியாக ஒரு பெயரைச் சொல்லி நல்ல விலைக்கு விற்கிறானோ அவன் வைத்ததுதான். இந்தக் கடையில் கோய் என்று சொன்ன மீனை நாலு கடை தள்ளி இருந்தவர் கைபேசிப் படத்தில் பார்த்துவிட்டு, "இது காண்டி" என்று அடித்துச் சொன்னார். எங்கள் கடைக்காரி அதைக் கேட்டதும், "அவருக்குக் கண் பூ விழுந்திருக்கிறது" என்றாளாம். அக்கா மொழிபெயர்க்கத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஒரு பெயர் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. உடம்பு கருநீலமும் துடுப்பு மஞ்சளுமாக ஒரு மீன். தங்க ஜரிகை போட்ட நீலப் பட்டு என்றே சொல்லலாம். அதற்கு மஸ்டர்ட் காஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! 1917-ல் முதல் மகாயுத்தத்தில் பதுங்கு குழிகளில் இருந்த சிப்பாய்களின் கண்ணையும் நுரையீரலையும் வேக வைத்த விஷப் புகையின் பெயர் அது. கடுகு நிறம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கக் கூடாதா?

கறுப்பு மீனுக்கு வேறொரு சங்கடம். மெலனோ என்கிற அசல் கருங்கறுப்பு வம்சத்தில் ஆண்கள் ஜோராக இருக்கும். பெண்கள் இடும் முட்டை பொரிப்பதில்லை. ஆகவே கறுப்பு மாப்பிள்ளைக்கு வேறு நிறத்து வீட்டில், கறுப்பு ரத்தம் மறைவாக ஓடும் பெண்ணாகப் பார்த்துச் சம்பந்தம் செய்கிறார்கள். பெண் வீட்டார் நிறம் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் நிறம் பார்க்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோமே, இங்கே வந்து கேட்க வேண்டும்.

பெண் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் முன் வரிசையில் அது கிடையாது. சிறிய துடுப்பு, மங்கிய நிறம். பின்னால் ஒரு தொட்டியில் பத்துப் பன்னிரண்டாகப் போட்டிருப்பார்கள். பட்டுடுத்துவது எல்லாம் ஆண்தான். ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது. நீர் மட்டத்தில் எச்சில் நுரையால் கூடு கட்டுவதும், முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டுவதும், இரண்டு மூன்று நாள் கண்கொட்டாமல் காவல் காப்பதும், கீழே விழுகிற குஞ்சை மறுபடி தூக்கி வைப்பதும் அந்தப் பட்டுக்காரர்தான்! முட்டையிட்டவளை அந்தப் பக்கமே அண்ட விடுவதில்லை. எடுத்து வேறு தொட்டியில் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது நீலத்துக்கு வரலாம். நான் கேட்டதும் நீலம்தான். அது கஷ்டமான கேள்வி என்று தெரியாமல் கேட்டேன்.

கடைக்காரி ஒரு டார்ச் விளக்கை எடுத்தாள். மூன்று ஜாடிகளை முன்னால் வைத்து ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்தாள். சாதாரண வெளிச்சத்தில் மூன்றும் நீலம். டார்ச் பட்டதும் ஒன்று பச்சை கலந்து மின்னிற்று, டர்க்காய்ஸ். இன்னொன்று சாம்பல் பூத்த எஃகுத் தகடு மாதிரி இருந்தது, ஸ்டீல் ப்ளூ. மூன்றாவதுதான் கண்ணைப் பறிக்கும் ஆழ்ந்த நீலம்; ராயல் ப்ளூ. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சிலோன் நீலக்கல்லு!" என்றார். அவரிடமிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

இந்த மீனின் தோலை வளர்ப்பவர்கள் நாலு அடுக்காக எண்ணுகிறார்கள். அடியில் மஞ்சள், அதன் மேல் கறுப்பு, அதன் மேல் சிவப்பு, உச்சியில் மினுக்கம். மற்ற மூன்றும் சாயம்; நீலம் மட்டும் சாயமே இல்லை. மேல் அடுக்கில் உள்ள நுண்ணிய படிகத் தகடுகள் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதில் பிறக்கும் தோற்றம் அது. நிஜ மயிலின் கழுத்திலும் இதே வித்தைதான். ஆகவேதான் வெளிச்சம் மாறினால் நீலம் மாறுகிறது. ஜவுளிக் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கிறீர்களே, அதே காரியத்தைத்தான் டார்ச் செய்கிறது.

வேடிக்கை இனிமேல்தான். மூன்றிலும் அதிகம் விரும்பப்படுவது ராயல் ப்ளூ. சரி, இரண்டு ராயல் ப்ளூவுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் பிள்ளைகள் எல்லாம் ராயல் ப்ளூவாகத்தானே பிறக்க வேண்டும்? பிறப்பதில்லை. நூறு குஞ்சில் ஏறக்குறைய ஐம்பதுதான் ராயல், இருபத்தைந்து டர்க்காய்ஸ், இருபத்தைந்து ஸ்டீல். மாறாக, டர்க்காய்ஸையும் ஸ்டீலையும் சேர்த்தால் அத்தனையும் ராயல் ப்ளூ! அப்பாவைப் போலவும் இல்லை, அம்மாவைப் போலவும் இல்லை, இருவரையும்விட அழகு. 1930-களிலேயே அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே ஸயாம் நாட்டுக் குடியானவர்கள் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, ஜாடியின் மேல் எழுதியிருக்கும் பெயர் அந்த மீனைப் பற்றியதுதான். அதன் சந்ததியைப் பற்றியது அல்ல. ஜோடியாக வாங்கி வீட்டில் குஞ்சு பொரித்துக் காசு பண்ணலாம் என்று புறப்படுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோர் என்ன நிறம் என்று கேட்காமல் வாங்கினால் பிறகு அழ வேண்டியதுதான்.

மறுநாள் அக்கா இல்லாமல் மகாசாய் போனேன். பாங்காக்கின் மேற்கே வொங்வியன் யாய் என்ற சின்ன ஸ்டேஷனிலிருந்து ஒரு சின்ன ரயில். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. ரயில் நேரே ஒரு கடைவீதிக்குள்ளேயே போய் நிற்கிறது. இறங்கியதும் கருவாட்டு வாசனை! அந்தப் பக்கத்து உப்பங்கழிகளில் நீப்பா என்ற நீர்ப்பனை வளர்கிறது. அதன் மட்டைகள் அடியில் தண்டோடு சேரும் இடத்தில் தேங்கும் தண்ணீரில்தான் மகாசாய் பெட்டா குடியிருக்கிறது. கறுத்த உடம்பில் மரகதச் செதில் பதித்தாற்போல் இருக்கும். தனி இனம் என்று விஞ்ஞானிகள் பெயர் சூட்டியது 2012-ல்தான். பெயரும் ஊர்ப் பெயரே. ஊரில் இப்போது தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகி, பனைச் சதுப்பு துண்டு துண்டாகக் குறுகிக்கொண்டிருக்கிறது. அந்த மீனை அதன் இடத்தில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு டீக்கடை வாசலில், ஊறுகாய் ஜாடி ஒன்றில்தான் பார்த்தேன். கோயும் நீமோவும் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது ரொம்ப அடக்கமாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விட்டு வர மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் நகோன் பாதோம். பாங்காக்கிலிருந்து மேற்கே ஐம்பத்தாறு கிலோமீட்டர். ஊருக்குள் நுழையுமுன்பே பிரம்மாண்டமான மஞ்சள் ஸ்தூபி தெரியும். இந்த ஜில்லாவில்தான் மீன் பண்ணைகள் அதிகம். அக்காவும் வந்திருந்தார். நாங்கள் போனது கணவனும் மனைவியுமாக நடத்தும் ஒரு நடுத்தரப் பண்ணை.

பண்ணை என்றதும் குளம் என்று நினைத்துப் போனேன். தரையெல்லாம் புட்டி! தட்டையான பழைய சாராயப் புட்டிகள். நிழல்வலைப் பந்தலின் கீழே, செங்கல் அடுக்கினாற்போல் ஆயிரக் கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஓர் ஆண் மீன். இந்த மீன் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டிக் காற்றையும் சுவாசிக்கும். அதனால் இந்தக் குறுகிய இடத்தில் பிழைத்துக் கிடக்கிறது. குடித்துப் போட்ட புட்டிக்கு இதைவிட நல்ல கதி கிடைக்காது என்று அக்கா சொன்னார். மீனுக்கு அது நல்ல கதியா என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. வாதாம் மரத்தின் காய்ந்த இலைகளை ஊறப் போடுகிறார்கள். நம் ஊர்த் தெருக்களில் உதிர்ந்து குப்பையாகப் போகும் அதே இலை. இங்கே அதைக் கட்டுக் கட்டி விற்கிறார்கள். அந்த மரத்துக்குத் தாய் மொழியில் 'மான் காது' என்று பெயராம். இலையைப் பார்த்தால் சரிதான்!

குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டும்போது நிறம் காட்ட ஆரம்பிக்கும். சண்டையும் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஆண்களைப் பொறுக்கிப் புட்டியில் போடுவது மனைவியின் வேலை. அந்த அம்மாள் வெள்ளைப் பேஸினில் ஒவ்வொன்றாக விட்டு ஒரு கணம் பார்ப்பாள். வலப்பக்கம், இடப்பக்கம் என்று கை போகும். வலப்பக்கம் போவது பெயர் உள்ளவை. இடப்பக்கம் போவது பெயர் இல்லாதவை: இரண்டுங்கெட்டான் நிறம், கோணல் கோடு, பாதி மினுக்கம். அவை மொத்தமாகச் சந்தைக்குப் போய்ச் சில பத்து பாட்டுக்கு விற்கும். பெயர் உள்ளவை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கப்பட்டு, இணையத்தில் ஏலம் போய், விமானம் ஏறும். 2016 நவம்பரில், தாய்லாந்துக் கொடியைப் போலவே சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் அமைந்த ஒரு மீன் ஃபேஸ்புக் ஏலத்தில் 53,500 பாட்டுக்குப் போயிற்று. அன்றைய கணக்கில் நம் பணம் ஒரு லட்சம்! அதற்கப்புறம் வலப்பக்கம் போகிற ஒவ்வொரு மீனிலும் கொடியைத் தேடாத பண்ணை இல்லை.

"இப்படி நிறம் பார்த்துப் பெயர் வைத்து விற்பதில் தப்பு நேராதா?" என்று கேட்கச் சொன்னேன். கணவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கைபேசியை எடுத்து வந்தார். இரண்டு படங்கள் காட்டினார். முதல் படத்தில் வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டும் இரண்டு கறுப்புப் பொட்டும் வைத்த அழகான கோய். இரண்டாவது படத்தில் ஏறத்தாழ முழுக்கக் கருநீலமாக ஒரு மீன். "எந்த மீன் நல்லா இருக்கு?" என்றார். முதலாவது என்றேன்.

"ரெண்டும் ஒரே மீனு தங்கச்சி!" என்றார் அக்கா.

அதுதான் மார்பிள் வம்சத்தின் குணம். அமெரிக்காவில் இந்தியானா மாகாணச் சிறைச்சாலையில் ஒரு கைதி, 1960-களின் கடைசி வாக்கில், கறுப்புப் பட்டர்ஃப்ளை உண்டாக்கப் பார்த்து, தற்செயலாகக் கண்டெடுத்தது இந்தத் திட்டு நிறம். அவர் கொடுத்த குஞ்சுகள் உலகம் சுற்றி, இன்றைய கோய், நீமோ, காலக்ஸி எல்லாவற்றுக்கும் முப்பாட்டன் ஆகிவிட்டன. மற்ற நிறங்கள் வளர்ந்த பிறகு நிலையாக நிற்கும்; மார்பிள் நிற்காது. மரபணுச் சரத்தில் இடம் விட்டு இடம் தாவுகிற ஒரு துண்டு இருக்கிறது, அது உட்காரும் இடத்தைப் பொறுத்து நிறம் தோன்றும், மறையும் என்று விளக்கம் சொல்கிறார்கள். இன்று வெள்ளை, ஒரு மாதத்தில் திட்டு, ஆறு மாதத்தில் நீலம். சில மீன் மறுபடி வெளுக்கவும் செய்யும். எங்கே நிற்கும் என்று பெற்ற தகப்பனுக்கும் தெரியாது, வளர்த்த தகப்பனுக்கும் தெரியாது.

அந்தக் கோய் வெளிநாட்டுக்கு விலை பேசி முடிந்த மீன். முன்பணமும் வந்துவிட்டது. ஏற்றுமதிக்கான காகிதங்கள் தயாராகக் கொஞ்ச நாள் ஆயிற்று. அதற்குள் மீன் நிறம் மாறிவிட்டது. வாங்கியவர் ஏமாற்று என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல் தம் கூட்டாளிகளுக்கும் சொல்லிவிட்டார். அந்த வருஷம் மார்பிளை நம்பித்தான் பிள்ளையின் படிப்புச் செலவைப் போட்டு வைத்திருந்தார்களாம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் இதைச் சொல்லும்போது பேஸினிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வலம், இடம், இடம், இடம் என்று கை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த நீல மீன் என்ன ஆயிற்று?"

"இருக்கு. யாருக்கும் கொடுக்கலே" என்றார் கணவர். புட்டி வரிசையில் போய்க் காட்டினார். நல்ல மீன்தான்.

இன்னொரு புட்டியையும் அவரே காட்டினார். வழக்கமாக வெளியாருக்குக் காட்டுவதில்லையாம். டிராகன் என்று ஒரு வகை உண்டு. உடம்பை மூடிய தடித்த வெள்ளிச் செதில், காட்டு இனங்களோடு கலந்து உண்டாக்கியது. செதில் எவ்வளவு தடிப்போ அவ்வளவு விலை. உடம்போடு நிற்காமல் முகத்தையும் மூடினால் ஃபுல் மாஸ்க் என்று இன்னும் ஏற்றம். ஆனால் அந்தத் தடிப்பு முகத்தோடும் நிற்பதில்லை. புட்டியில் இருந்த மீனுக்குக் கண் இருந்த இடத்தில் வெள்ளிப் பொட்டுத்தான் இருந்தது. ஆசிரியர் அனுமதித்தால் அந்தப் படத்தையும் போட்டிருப்பேன். வேண்டாம் என்று நானே வைத்துவிட்டேன். இதற்கும் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது. என்ன தெரியுமா? டைமண்ட் ஐ! வைரக் கண்! கல் வியாபாரக் குடும்பத்து அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணவிஞ்சு போச்சுன்னு எழுதச் சொல்லுங்க" என்றார். பண்ணைக்காரர் தலையை ஆட்டினார். அவர் டிராகன் ஜோடி சேர்ப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறதாம். நிறுத்தியதில் நஷ்டம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

நீங்கள் கொளத்தூரில் வாங்கினாலும் சரி, பாங்காக்கில் வாங்கினாலும் சரி, சில விஷயங்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடையில் பார்க்கிற நிறம் பயந்த நிறமாக இருக்கலாம். நெடும் பிரயாணம் செய்த மீன் வெளுத்து, உடம்பில் நீளவாட்டில் கோடு விழுந்து நிற்கும். நாலு நாள் நல்ல தண்ணீரில் இருந்தால் தெளிந்துவிடும். முழு நிறம் பார்க்க அட்டையை ஒரு நிமிஷம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மீனுக்குக் களைப்பு. கண் இரண்டும் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் அப்பா அம்மா யார் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உள்ளங்கை அகல ஜாடியில் வைக்காதீர்கள். புட்டிக் குடித்தனம் பண்ணையோடு போகட்டும், பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கிற மூடி போட்ட தொட்டியாவது கொடுங்கள். தாவிக் குதித்துவிடும், மூடி அவசியம். ஒரு காய்ந்த வாதாம் இலை தெருவிலேயே கிடைக்கும். மருந்து அடிக்காத மரமா என்று பார்த்து, கழுவிப் போடுங்கள்.

கோய், நீமோ, காலக்ஸி என்று எதை வாங்கினாலும், படம் எடுத்தது என்றைக்கு என்று கேளுங்கள். நகோன் பாதோம் பண்ணையில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் புறப்படும்போது அந்த அம்மாள் வலப்பக்கத்து மீன்களைப் புட்டியில் விட்டு, காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து படித்துப் பார்த்தார். "பேரே எழுதலியே?" என்று கேட்டார். தேதி மட்டும்தான் எழுதியிருந்தது.